பெண்கள் கேட்டுப் பெற்ற நாள்



மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே மக்தப் மதரஸாவுக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஒரு மணி நேரமே. வியாழன்தோறும் அதில் பாதியை, பிள்ளைகள் தாம் விரும்பியதைக் கற்பதற்கென ஒதுக்கினோம். "ஓதவே நேரம் போதவில்லை, இது எதற்கு ஹஜ்ரத்?" என்று ஒரு தகப்பனார் கேட்டார். நியாயமான கேள்விதான். விடை தேடி வரலாற்றைப் புரட்டினோம்.

ஸஹீஹுல் புகாரீயின் கல்வி பற்றிய பகுதியில் அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அறிவிக்கும் செய்தி ஒன்றுண்டு. ஆண்கள் தங்களை முந்திக்கொள்வதால் தங்களுக்கென ஒரு நாளை ஒதுக்கித் தருமாறு பெண்கள் நபி (ஸல்) அவர்களிடம் வேண்டினர். அண்ணலார் ஒரு நாளைக் குறித்து, அன்று அவர்களைச் சந்தித்து உபதேசித்தார்கள். கற்போரே கேட்டுப் பெற்ற நேரம் அது. அதே பகுதியில் இப்னு மஸ்ஊத் (ரலி) வியாழன்தோறும் மட்டுமே உபதேசித்ததும் பதிவாகியுள்ளது. நாள்தோறும் உபதேசிக்குமாறு ஒருவர் கேட்டபோது, மக்களுக்குச் சலிப்பூட்ட விரும்பாமல் அவர்கள் மறுத்துவிட்டார்கள்.

எனினும் மாற்றுக் கருத்தும் நம் மரபிலேயே உள்ளது. ஹிஜ்ரி 600ஐ ஒட்டி வாழ்ந்த ஸர்னூஜீ, தம் 'தஅலீமுல் முதஅல்லிம்' நூலில், முற்கால மாணவர்கள் பாடத் தேர்வை ஆசிரியரிடமே ஒப்படைத்தனர் என்றும், தம் காலத்தவர் தாமே தேர்ந்து இலக்கை எட்டாமல் போகின்றனர் என்றும் வருந்துகிறார். சான்றாக, ஃபிக்ஹ் கற்க வந்த இமாம் புகாரீயை முஹம்மத் இப்னு ஹஸன் ஹதீஸின் பக்கம் திருப்பினார் என்கிறார். அப்பெயரில் நாம் அறிந்த இமாம் ஷைபானீ மறைந்தது ஹிஜ்ரி 189இல். புகாரீ பிறந்தது 194இல்! ஆகவே நிகழ்ச்சியை நாம் வரலாறாகக் கொள்ளவில்லை. ஆனாலும் கதையின் உட்கருத்தைத் தள்ள மனமில்லை. அந்த ஆசிரியர் மாணவரின் இயல்பைக் கவனித்த பிறகல்லவா வழி சொன்னார்? கவனிக்க வேண்டுமாயின், பிள்ளை தன் விருப்பத்தைக் காட்ட ஒரு பொழுது வேண்டும்.

நம் தர்மபுரி மாவட்டத்து நாகர்கூடலில் மீனாட்சி உமேஷ் 2000ஆம் ஆண்டு தொடங்கிய புவிதம் பள்ளியில், பிள்ளைகள் மண்ணில் பயிரிட்டும் கைவேலை செய்தும் கற்கின்றனர். மதரஸாவை அப்படி நடத்த நம்மால் இயலாது. நம்மிடம் இருப்பது அரை மணி நேரம்.

முதல் இரு வாரங்கள் அது வெறும் கூச்சலாகவே கழிந்தது. பிள்ளைகளைச் சும்மா விட்டது நம் பிழை. மூன்றாம் வாரம் ஒவ்வொருவரிடமும் அமர்ந்து கேட்டோம். கேள்வி கேட்ட தகப்பனாரின் மகனே, பாட்டனார் உர்தூவில் எழுதிய கடிதங்களைப் படிக்க ஆசைப்பட்டான். குர்ஆன் ஓதியதால் எழுத்துகள் பெரும்பாலும் தெரியும். அரபியில் இல்லாத பே, ச்சே, டே போன்றவையே புதியவை. பெரியவரின் கையெழுத்தோ நம்மையும் திணறடித்தது. இருவரும் சேர்ந்தே கூட்டிக் கூட்டிப் படிக்கிறோம்.

தகப்பனார் தம் கேள்வியை இன்னும் திரும்பப் பெறவில்லை. சென்ற வியாழன் மகனிடம் இன்னொரு கடிதக்கட்டைக் கொடுத்தனுப்பியிருந்தார்.