உடுவிலில் மூப்பெய்திய அமெரிக்கர்

பிறநாட்டிலிருந்து சமயத் தொண்டின்பொருட்டு வந்தோரைப் பற்றி வரலாறு கூறுமிடத்து, அவர்கள் கரையிறங்கிய நாளையும், நிறுவிய கல்லூரிகளையும், எழுதிய நூல்களையும் விரிவாகக் கூறுவது வழக்கம். அவர்கள் வந்த இடத்திலேயே நரைத்து முதிர்ந்த காலத்தை எவ்வாறு கழித்தனர் என்பது அத்துணை பேசப்படுவதில்லை. இளமையின் ஆர்வம் ஒருவனைக் கடல் கடத்தல் எளிது. அவ்வார்வம் ஆறிய பின்னரும் அவனை அவ்விடத்தே நிறுத்துவது யாது என்பதே அரிய வினாவாகும். அவ்வினாவுக்கு யாழ்ப்பாணத்து அமெரிக்க மிசனின் முதியோர் வாழ்க்கை தக்க சான்றாக அமைகின்றது.

1815ஆம் ஆண்டு ஒக்டோபர் 23ஆம் நாள் அமெரிக்க நாட்டின் நியூபெரிபோட் துறையினின்றும் புறப்பட்ட டிரயட் என்னும் பாய்க்கப்பல் 1816 மார்ச் 22இல் கொழும்பை அடைந்தது. ஐந்து மாதக் கடற்பயணத்தின்பின் அதினின்றும் இறங்கியோருள் டானியல் பூவர், பெஞ்சமின் மெக்ஸ், ஜேம்ஸ் றிச்சட்ஸ், எட்வேட் வாறன் ஆகிய நால்வரும் யாழ்ப்பாணத்தைத் தம் பணிக்களமாகக் கொண்டனர். வாறன் 1818இலும் றிச்சட்ஸ் 1822இலும் நோயால் இறந்தனர். லீவை ஸ்போல்டிங், மிரன் வின்சிலோ, வைத்தியர் ஜோன் ஸ்கடர் முதலானோர் 1820ஆம் ஆண்டளவில் வந்து சேர்ந்தனர். ஆயினும் அவ்வாண்டிலேயே, பதில் தேசாதிபதியாயிருந்த ஸர் எட்வேட் பாண்ஸ், இனி அமெரிக்கர் எவரும் இத்தொண்டின்பொருட்டு இலங்கைக்கு வரலாகாதெனத் தடுத்தார். அத்தடை 1833 வரை நீங்கவில்லை. பதின்மூன்று ஆண்டுகள் புதியவர் துணையின்றியே இருந்தவர்கள் சுமையைத் தாங்கினர். இளைஞராய் வந்தோர் ‘மூத்தோர்’ ஆனது இவ்வாறே.

அவர்களுடைய அன்றாட வாழ்வில் ஆரவாரம் இல்லை. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தனவாய்க் கூரையிழந்து கிடந்த கோயில்களையும் வீடுகளையும் செப்பனிட்டு, தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, உடுவில், பண்டத்தரிப்பு, மானிப்பாய் என்னும் ஊர்களில் குடியிருந்தனர். செபம், தமிழ்ப் பயிற்சி, ஊர்ப் பாடசாலைகளைப் பார்வையிடுதல், நோயாளரைக் காணுதல், கணக்கெழுதுதல், மொழிபெயர்த்தல் ஆகியவற்றிலே நாட்கள் கழிந்தன. பொஸ்தன் நகரத்திலிருந்த மேற்சபையாருக்கு ஒரு கேள்வியை எழுதி அனுப்பினால் அதற்கு மறுமொழி வர ஏறக்குறைய ஓராண்டு செல்லும். ஆகவே தாய்நாட்டுச் செய்தி யாவும் அவர்களுக்குப் பழைய செய்தியே. பெற்றோர் இறந்த துக்கத்தைக்கூட மாதங்கள் பல கழிந்த பின்னரே அறிந்து அழ வேண்டியவராயினர்.

இவற்றினும் கொடிது மக்களைப் பிரிதல். பிள்ளைகள் வளர்ந்தவுடன் கல்வியின்பொருட்டு அவர்களை அமெரிக்காவுக்கு அனுப்புதல் அக்கால வழக்கம். பூவரின் மகன் டானியல் வாறன் பூவர் 1818இல் தெல்லிப்பழையிற் பிறந்தவர். சிறுவனாய்க் கப்பலேறிச் சென்று, பிற்காலத்தில் அமெரிக்காவிலே போதகரானார். கப்பலேறிய பிள்ளையை மீண்டும் காண்பது உறுதியன்று. கண்டாலும் அப்பிள்ளை மீசை முளைத்த அந்நியனாகவே எதிர்நிற்பான். ஊர்ப் பிள்ளைகளைத் தம் விடுதிகளில் வளர்த்தோர் தம் பிள்ளைகளைப் பிறர் கையில் வளரவிட்டமை அவ்வாழ்வின் பெரும் முரண்பாடாகும்.

மூத்தோரின் முடிவும் ஒரு தன்மைத்தாய் அமையவில்லை. 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியைத் தொடக்கிய பூவர், இடையே மதுரையிலும் பணிபுரிந்தவர். அவர் 1848இல் தாய்நாடு சென்றபோது அங்கேயே ஓய்வாக இருந்திருக்கலாம். அவ்வாறிராது யாழ்ப்பாணத்துக்கே திரும்பினார். 1855 பெப்ரவரியில் மானிப்பாயில் வாந்திபேதி நோய்க்கு இரையானார். அப்பொழுது அவருக்கு வயது 65. பொஸ்தனிலிருந்து வந்த தூதுக்குழுவினரின் ஆலோசனைப்படி அச்செமினரி மூடப்பட்டதும் அவ்வாண்டிலேயே. அச்செய்தியைக் கேளாமலே அவர் கண்மூடினார். அவருடன் வந்த மெக்ஸ் அதனையும் கண்டிருந்து, 1858இல் தாய்நாடு சென்று, 1862இல் அங்கே இறந்தார்.

லீவை ஸ்போல்டிங் அவ்வாறு நிலையாகத் தாய்நாடு சென்றுவிடவில்லை. மேரி அம்மையாருடன் 1833 முதல் உடுவிலிலேயே அவர் வாழ்ந்தார். தமிழ் அகராதிப் பணியிலும், நூல் மொழிபெயர்ப்பிலும், தமிழிற் பாடல்கள் புனைவதிலும் ஈடுபட்டு, ஐம்பத்துமூன்று ஆண்டுத் தொண்டின் பின்னர் 1873இல் தமது 82ஆம் வயதில் அவ்வூரிலேயே உயிர் நீத்தார். மறு ஆண்டில் மேரி அம்மையாரும் மறைந்தார். பிறந்த நாட்டில் வாழ்ந்த காலத்தினும் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த காலமே அவர்களுக்கு நெடிது.

உடுவில் மகளிர் பாடசாலை 1824இல் ஹரியற் வின்சிலோ அம்மையாரால் நிறுவப்பட்டது. அவர் 1833இல் இறந்தபின் அதனைப் பேணியவர் மேரி ஸ்போல்டிங் அம்மையார். அவருக்குப் பின் அப்பொறுப்பை ஏற்றவர் எலிசா அக்னியூ அம்மையார். 1807இல் நியூயோர்க்கிற் பிறந்த இவர், எட்டு வயதிற் பூகோள பாடம் கேட்டபோதே இத்தொண்டினை விரும்பினாரென்பர். பெற்றோர் உள்ளவரை அவர்களைப் பேணியிருந்து, 1840இல் யாழ்ப்பாணம் வந்தார். 1842 முதல் 1879 வரை பாடசாலைத் தலைவியாயிருந்தார். மணம் செய்யவில்லை, ஒருமுறையேனும் தாய்நாடு திரும்பவுமில்லை. விடுமுறை நாட்களிலும் ஓய்வு கொள்ளாது பழைய மாணவியரின் இல்லந்தோறும் சென்று நலம் விசாரிப்பார். ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் அவரிடம் பயின்றனர். முதல் மாணவியரின் புதல்வியரும், பின்னர்ப் பேர்த்தியரும் அவரிடமே பாடங் கேட்டனர். ஆயிரம் புதல்வியரின் அன்னை என உலகம் அவரைப் போற்றியது.

உடல் தளர்ந்தபோது, 1880இல் வந்த லீச் சகோதரிகள் அவரைத் தம்முடன் மானிப்பாயில் வைத்துப் பேணினர். வாத நோயுற்று, 1883 யூன் மாதத்தில் அவர் காலமானார். இறுதிச் சடங்கின்போது ஆலயத்தை நிறைத்தோர் அவர் கற்பித்த பெண்களே. பெறாத பிள்ளைகள் பெற்ற பிள்ளைகளின் கடனைச் செய்தனர்.

இவ்வரலாற்றுக்கு மற்றொரு பக்கமும் உண்டு. இத்தொண்டரின் நோக்கம் கல்வியளித்தலோடு நிற்கவில்லை. மதமாற்றமும் அதன் அங்கமாகும். மகள் புதுச் சமயம் தழுவி முன்னோர் வழிபாட்டை விடுத்தபோது சைவப் பெற்றோர் எய்திய துயரம் சிறிதன்று. அத்துயரத்தின் குரலாகவும் ஆறுமுக நாவலர் எழுந்தார். 1848இல் வண்ணார்பண்ணையில் அவர் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி, கல்வியாலேயே கல்வியை எதிர்கொண்டார். பிள்ளையைக் கப்பலில் அனுப்பிய தெல்லிப்பழைத் தாயும், பிள்ளையைச் சமயத்தால் இழந்த உடுவில் தாயும் ஒருவர் துயரை ஒருவர் அறிந்தனரோ இல்லையோ, இருவரும் ஒரே காலத்தில் அடுத்தடுத்த ஊர்களிலே அழுதனர்.

ஆகவே இம்முதியோரைத் தெய்வமாக்கலும் தகாது. தூற்றி ஒதுக்கலும் தகாது. கொள்கை அவர்களை இங்கே கொண்டுவந்தது. அக்னியூ அம்மையாரை நாற்பத்துமூன்று ஆண்டுகள் இங்கே நிறுத்தியதோ, காலைதோறும் வகுப்பில் வந்தமர்ந்த பிள்ளைகளின் முகம் எனலாம். கற்பிக்க வந்தவர் இறுதியிற் பேணப்படுபவராகி, அந்நியர் என்னும் பெயர் நீங்கி, ஊரவர் தோளிலே சுமக்கப்பட்டார். கடல் கடந்து செல்லும் எத்தொண்டருக்கும் இதனினும் பெரிய ஊதியம் வேறில்லை.