'புவா'வுக்குள் ஒளிந்திருக்கும் டி

பிரெஞ்சு கற்க ஆரம்பித்த புதிதில் ஒரு டிக்டேஷன். ஆசிரியர் 'புவா' என்றார். எடை என்று பொருள். பி, ஓ, ஐ, எஸ் என்று எழுதினேன். நடுவில் ஒரு டி விட்டுப்போச்சு என்று மார்க்கைக் குறைத்துவிட்டார். நான் எழுதியது பட்டாணியாம்! அதற்கும் உச்சரிப்பு 'புவா'தான். வாயில் வராத எழுத்துக்கு எதுக்கு மார்க்கு என்ற கடுப்பில்தான் இதைத் தேடிப் படித்தேன்.

பிரெஞ்சின் ஊமை எழுத்துகள் எல்லாம் ஒரே ரகம் இல்லை.

முதல் ரகம், ஒருகாலத்தில் நிஜமாகவே ஒலித்தவை. பன்மையில் வரும் 'லே' என்ற சுட்டுச்சொல்லின் கடைசியில் ஓர் எஸ் உண்டு. பழைய பிரெஞ்சில் அதை உச்சரித்தார்கள். பிறகு, அடுத்த சொல் மெய்யில் தொடங்கும் இடங்களில் மெல்ல உதிர்ந்தது. உயிரில் தொடங்கும் இடங்களில் தங்கிவிட்டது. அதனால்தான் 'லே'யோடு 'அமி' (நண்பர்கள்) சேரும்போது அந்த எஸ், இசட் ஒலியாகி அடுத்த சொல்லின் உயிரில் ஏறிக்கொள்கிறது: லே-ஸ-மி. அசை பிரியும்போது சொல்லின் எல்லையைப் பார்ப்பதில்லை. நமக்கு இது புதுசா என்ன? பால், ஆடை சேர்ந்தால் பா-லா-டை தானே! ஒரே வித்தியாசம், நம்முடைய 'ல்' தனியாக நின்றாலும் ஒலிக்கும்.

இரண்டாவது ரகம், லத்தீன் பற்றில் படித்தவர்கள் செருகியவை. காலம் என்று பொருள்படும் 'தாம்' என்ற சொல்லை முன்பு டி, ஈ, என், எஸ் என்று எழுதினார்கள். லத்தீன் 'டெம்புஸ்' நினைவாக அதில் ஒரு பி நுழைந்தது. விரலைக் குறிக்கும் 'துவா'வுக்குள் 'டிகிட்டுஸ்' நினைவாக ஒரு ஜி. நம்ம 'புவா'வுக்குள் டி வந்தது, அதன் மூலம் லத்தீன் 'பொண்டுஸ்' என்று நம்பியதால். ஆனால் உண்மையான மூலம் 'பென்சும்'. அதில் டி-யே கிடையாது!

சரி, பிறகாவது திருத்தியிருக்கலாமே? 1635இல் பிரெஞ்சு அகாடமி உருவானது. அதற்காக 1673இல் எழுத்துமுறைக் குறிப்புகளைத் தயாரித்தவர் வரலாற்றாசிரியர் மெஸெரே. பழைய எழுத்துமுறையே மேல், அதுதான் கற்றவர்களைப் பாமரர்களிடமிருந்தும் சாதாரணப் பெண்களிடமிருந்தும் பிரித்துக்காட்டுகிறது என்று அவர் ஒளிக்காமல் எழுதிவைத்தார். 1694இல் வந்த அகாடமியின் முதல் அகராதியும் பெரும்பாலும் பழைய வழியிலேயே போனது.

1990இல் வந்த எழுத்துச் சீர்திருத்தம்கூட 'புவா'வின் டியைத் தொடவில்லை. ஆக, தப்பான டியை எழுதினால்தான் இன்றும் முழு மார்க். பிரான்சுப் பிள்ளைகளுக்கும் இதே கதிதான் என்பதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.