நிலக்கொடையிலிருந்து கடன் பத்திரம் வரை
அமெரிக்கப் பொதுக் கல்லூரிகளின் வரலாறு தரும் பாடம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசியலமைப்பில் 'கல்வி' என்னும் சொல் ஓரிடத்திலேனும் இல்லை. கல்வி மாநிலங்களின் பொறுப்பு என்பதே அந்நாட்டில் நெடுங்காலமாக நிலவிவரும் கொள்கை. ஆயினும் கடந்த நூற்றறுபது ஆண்டுகளில் அந்நாட்டுப் பொதுக் கல்லூரிகளின் போக்கையும், அவற்றை நாடிச் சென்ற ஏழை மாணவரின் வாழ்வையும் பெரிதும் நிர்ணயித்தவை சமஷ்டி அரசு இயற்றிய சட்டங்களே. இம்முரண்பாட்டிலிருந்தே நமது ஆராய்ச்சி தொடங்குதல் வேண்டும். கல்வி மக்களின் உரிமை என ஒப்புக்கொண்டு அந்த அரசு நிதி வழங்கியது அரிது. உழவின் பெயரால் வழங்கிற்று. போர்வீரர் நலத்தின் பெயரால் வழங்கிற்று. தேசப் பாதுகாப்பின் பெயரால் வழங்கிற்று. எக்காரணம் பற்றிக் கொடை பிறந்ததோ, அக்காரணம் மங்கியபோது கொடையும் சுருங்கிற்று. இதுவே இவ்வரலாற்றின் மையமான உண்மை எனலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அமெரிக்கக் கல்லூரிகள் பெரும்பாலும் மதகுருமாரையும் வழக்கறிஞரையும் செல்வர் வீட்டுப் பிள்ளைகளையும் உருவாக்கும் நிலையங்களாகவே இருந்தன. வயலிலும் தொழிற்சாலையிலும் உழைத்தவனுக்கு அங்கு இடமிருக்கவில்லை. இந்நிலையை மாற்ற முனைந்தவர் வேமொன்ற் மாநிலப் பிரதிநிதியான யஸ்ரின் மொறில். அவர் ஒரு கொல்லரின் மகன். கல்லூரி வாயிலை மிதியாதவர். சமஷ்டி அரசின் உடைமையாயிருந்த நிலங்களை மாநிலங்களுக்கு வழங்கி, அவற்றை விற்றுப் பெறும் முதலைக் கொண்டு உழவுக் கலையும் பொறித்தொழிற் கலையும் கற்பிக்கும் கல்லூரிகளை நடத்தவேண்டும் என்பது அவருடைய சட்டமூலத்தின் சாரம். 1859இல் அது காங்கிரசில் நிறைவேறியும் சனாதிபதி புக்கானன் அதனை நிராகரித்தார். தென் மாநிலங்களின் எதிர்ப்பு அதற்குப் பின்புலமாக நின்றது. அடிமைமுறையில் ஊறிய பண்ணை முதலாளிகளுக்கு உழைப்பாளியின் கல்வி வேண்டாத பொருளாகத் தோன்றியதில் வியப்பில்லை. உள்நாட்டுப் போர் மூண்டு அம்மாநிலங்களின் உறுப்பினர் காங்கிரசை விட்டு வெளியேறிய பின்னரே, 1862 ஜூலை 2ஆம் திகதி, லிங்கன் அச்சட்டத்தில் ஒப்பமிட்டார். செனற் சபையிலும் பிரதிநிதிகள் சபையிலும் ஒரு மாநிலத்திற்கு எத்தனை உறுப்பினர் இருந்தனரோ, ஒவ்வொருவருக்கும் 30,000 ஏக்கர் வீதம் அம்மாநிலம் நிலம் பெற்றது.

இச்சட்டத்தை முற்போக்கான சட்டம் என்று போற்றுவதில் தவறில்லை. ஆனால் அந்நிலம் எவருடையது என்ற வினாவை எழுப்பாது மேற்செல்லுதல் வரலாற்றாசிரியனுக்கு அழகன்று. ஏறத்தாழ 1 கோடியே 7 இலட்சம் ஏக்கர் நிலம் இவ்வாறு பகிரப்பட்டது. அது ஏறக்குறைய 250 பழங்குடி மக்கட் கூட்டத்தாரிடமிருந்து, ஒப்பந்தம் என்ற பெயராலும், சிற்சில இடங்களில் அப்பெயர்தானும் இன்றியும், கைப்பற்றப்பட்ட நிலமாகும். தம் எல்லைக்குள் பொது நிலம் இல்லாத கீழ்க்கரை மாநிலங்கள் மேற்கேயுள்ள நிலங்களுக்கான உரிமைச் சீட்டுகளைப் பெற்றன. நியூயோர்க் மாநிலம் பெற்ற சீட்டுகளைக் கொண்டு, விஸ்கொன்சின் மாநிலத்தில் ஓஜிப்வே மக்கள் வாழ்ந்த காட்டுநிலங்கள் கோர்னெல் சர்வகலாசாலையின் மூலதனமாயின. உழவன் மகன் கல்லூரி புகுந்தான். வேடுவன் மகன் தன் காட்டை இழந்தான். ஒரே சட்டமே இவ்விரண்டையும் செய்தது.

1890இல் நிறைவேறிய இரண்டாவது மொறில் சட்டம் கறுப்பின மக்களைப் பற்றியது. மாணவரைச் சேர்ப்பதில் நிறபேதம் காட்டும் மாநிலத்திற்குப் பணம் இல்லை என்று அது விதித்தது. ஆனால் கறுப்பினத்தவர்க்குத் தனிக் கல்லூரி அமைத்து நிதியை நியாயமாகப் பங்கிட்டால் போதும் என்று அதே மூச்சில் வழியும் காட்டியது. தென் மாநிலங்கள் அவ்வழியே சென்றன. தனிக் கல்லூரிகள் எழுந்தன. நியாயமான பங்கீடு எழவில்லை. இது பழங்கதை என்று எவரும் எண்ணவேண்டா. 2023 செப்ரெம்பரில் சமஷ்டிக் கல்விச் செயலாளரும் விவசாயச் செயலாளரும் பதினாறு மாநில ஆளுநர்களுக்கு எழுதிய கடிதங்களில், முந்திய மூன்று தசாப்தங்களில் மட்டும் இக்கல்லூரிகளுக்குச் சேராது போன தொகை 1,200 கோடி டொலருக்கும் மேலென்று கணக்குக் காட்டினர்.

இரண்டாவது பெரும் அலை போரிலிருந்து பிறந்தது. முதலாவது உலகப் போரில் ஈடுபட்ட வீரர் தமக்கு வாக்களிக்கப்பட்ட ஊக்கத்தொகையை முன்கூட்டியே தருமாறு 1932இல் வாஷிங்ரன் நகரிற் கூடியபோது, அவர்களை இராணுவமே கண்ணீர்ப்புகை வீசித் துரத்தியது. வேலையற்ற முன்னாள் வீரர் எத்தகைய அரசியற் சக்தியாக மாறக்கூடும் என்பதை ஆளும் வர்க்கம் அப்போது கண்டுகொண்டது. இரண்டாவது போர் முடியும் தறுவாயில் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்டோர் படையிலிருந்து மீளவிருந்தனர். 1944 ஜூன் 22ஆம் திகதி ரூஸ்வெல்ற் ஒப்பமிட்ட படைவீரர் மறுவாழ்வுச் சட்டம் இந்த அச்சத்தின் பின்னணியில் வைத்து நோக்கப்பட வேண்டியது. ஆண்டுக்கு 500 டொலர் வரை கல்விக் கட்டணத்தையும், மாதந்தோறும் சீவியத்திற்கான தொகையையும் அரசு ஏற்றது. அறிஞர் சிலர் முகஞ் சுளித்தனர். ஷிக்காகோ சர்வகலாசாலைத் தலைவர் ஹச்சின்ஸ், கல்லூரிகள் வேலையற்றோரின் தங்குமடங்களாகிவிடும் என அஞ்சினார். நடந்ததோ வேறு. 1947இல் கல்லூரி மாணவரில் ஏறக்குறையப் பாதிப்பேர் முன்னாள் வீரராக இருந்தனர். திட்டம் முடிவுற்ற 1956 வரையில் 22 இலட்சம் பேர் இதனால் கல்லூரிக் கல்வி பெற்றனர். சாதாரண மனிதனின் பிள்ளைக்கு அறிவு ஏறாது என்ற மேட்டுக்குடிக் கொள்கை தவிடுபொடியாயிற்று.

எனினும் இங்கும் நிறபேதம் காவல் நின்றது. மிசிசிப்பிப் பிரதிநிதி ஜோன் ராங்கின் போன்றோரின் பிடிவாதத்தால் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் அதிகாரம் பெரிதும் உள்ளூர் நிர்வாகங்களின் கையில் விடப்பட்டது. தென்புலத்துக் கறுப்பின வீரர் வெள்ளையர் கல்லூரிகளில் நுழைய முடியவில்லை. தமக்குரிய சிறு கல்லூரிகளிலோ இடம் போதவில்லை. ஒரே போரில் ஒரே சீருடை அணிந்தவர்க்கு ஒரே பாடசாலை கிட்டவில்லை.

இந்த அனுபவத்தினால் உந்தப்பட்ட சனாதிபதி ட்றூமன் 1946இல் ஓர் ஆணைக்குழுவை நியமித்தார். ஜோர்ஜ் சூக் என்பாரின் தலைமையில் அமைந்த அக்குழுவின் அறிக்கை 1947 டிசெம்பர் தொடக்கம் வெளிவந்தது. பன்னிரண்டாண்டுப் பள்ளிக் கல்வியின் பின் மேலும் இரண்டாண்டுக் கல்லூரிக் கல்வி அனைவர்க்கும் இலவசமாதல் வேண்டும், நிறம் சமயம் பற்றிய பாகுபாடு ஒழிதல் வேண்டும், சமஷ்டி அரசு பொதுக் கல்லூரிகளுக்கு நேரடியாக நிதி வழங்குதல் வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. அமெரிக்க வரலாற்றில் உயர்கல்வியை உரிமை என்ற நிலைக்கு மிக அண்மையில் கொண்டுவந்த ஆவணம் இதுவே. அதன் இலவசக் கல்விப் பரிந்துரை சமஷ்டிச் சட்டமாகவில்லை. கெடுபிடிப் போரின் இருள் அதற்குள் சூழ்ந்துவிட்டது.

அடுத்த சட்டத்தைப் பெற்றுக்கொடுத்தவர் அமெரிக்கர் அல்லர். சோவியத் விஞ்ஞானிகள் என்று கூறினும் பொருந்தும். 1957 ஒக்ரோபர் 4ஆம் திகதி ஸ்புட்னிக் விண்ணிற் பறந்தது. மறு ஆண்டு செப்ரெம்பர் 2ஆம் திகதி ஐசனோவர் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தில் ஒப்பமிட்டார். பெயரே அதன் குணத்தை உணர்த்தும். இச்சட்டத்தின் மூல வரைவில் மாணவர்க்குப் புலமைப்பரிசில் வழங்கும் பகுதி இருந்தது. இலவசமாகக் கொடுத்தால் மாணவரின் முயற்சி குன்றும் என்று வாதித்த பிரதிநிதிகள் சபையினர் அதனை நீக்கிக் கடனை மட்டும் நிலைநிறுத்தினர். வட்டி நூற்றுக்கு மூன்று. கற்றபின் அரசாங்கப் பாடசாலையில் ஆசிரியத் தொழில் புரிவோர்க்குக் கடனிற் பாதிவரை தள்ளுபடி. கடன் இலேசானதே, ஆயினும் மாணவனைக் கடனாளியாகக் காணும் மரபு சமஷ்டிச் சட்டத்தில் இங்குதான் வேரூன்றியது. அத்துடன், அரசைப் பலாத்காரத்தால் கவிழ்க்கும் இயக்கங்களில் நம்பிக்கையில்லை என்று மாணவர் சத்தியக் கடதாசி முடித்துக் கொடுக்கவேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. கைநீட்டிப் பெறுபவனின் மனச்சாட்சியையும் ஈடாகக் கேட்கும் இந்த இழிவை எதிர்த்துப் பல கல்லூரிகள் குரல் எழுப்பின. ஹாவார்ட்டும் யேலும் 1959இல் திட்டத்தை விட்டே விலகின. 1962இல் அந்நிபந்தனை நீக்கப்பட்டது. போராடினால் பலனுண்டு என்பதற்கு அது சான்று.

1965 நவம்பர் 8ஆம் திகதி, ரெக்சாஸ் மாநிலத்துச் சான் மார்க்கோஸ் நகரில், தாம் பயின்ற கல்லூரியிலேயே லிண்டன் ஜோன்சன் உயர்கல்விச் சட்டத்தில் ஒப்பமிட்டார். கல்லூரிச் செலவிற்குப் பணம் தேடி இடையிற் படிப்பை நிறுத்தி, கொற்றுல்லா என்னும் சிற்றூரில் மெக்சிக்க வம்சாவளி ஏழைப் பிள்ளைகளுக்கு 1928இல் ஆசிரியராக இருந்தவர் அவர். அவருடைய பரிவை ஐயுறவேண்டியதில்லை. வறிய மாணவர்க்குத் திருப்பிச் செலுத்தவேண்டாத உதவிப்பணத்தை அச்சட்டம் வழங்கியது. அதே சட்டம் இன்னொரு வாயிலையும் திறந்தது. வங்கிகள் மாணவர்க்குக் கடன் கொடுக்கும். மாணவன் கட்டத் தவறின் அரசு ஈடு செய்யும். இலாபம் வங்கிக்கு, நட்ட அபாயம் பொதுமக்களுக்கு. முதலாளித்துவ அரசின் இயல்பை விளக்க இதனினும் எளிய உதாரணம் தேவையில்லை.

1972இல் ஒரு முக்கியமான விவாதம் எழுந்தது. நிதியைக் கல்லூரிகளுக்கு நேரே வழங்கவேண்டும் என்றார் பிரதிநிதி ஈடித் கிறீன். மாணவனிடமே வழங்கவேண்டும், அவன் விரும்பும் கல்லூரிக்கு அது அவனுடன் செல்லட்டும் என்றார் செனற்றர் கிளெய்போன் பெல். பெல்லின் கட்சியே வென்றது. 1980இல் அவர் பெயரையே பெற்ற அந்த உதவிப்பணம் இலட்சோப இலட்சம் ஏழை மாணவரைக் கல்லூரிக்கு அழைத்துச் சென்றது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அதன் விளைவுகளையும் நோக்கவேண்டும். கல்லூரி பொதுநிறுவனம் என்ற நிலையிலிருந்து விற்பனை நிலையமாகவும், மாணவன் குடிமகன் என்ற நிலையிலிருந்து வாடிக்கையாளனாகவும் எண்ணப்படத் தொடங்கினர். இலாபம் ஒன்றையே நாடும் தனியார் கல்வி நிலையங்களும் அப்பணத்தில் பங்கு கொண்டன. மாநிலங்கள் தம் கல்லூரிகளைக் கட்டணமின்றி நடத்தவேண்டும் என்ற நிபந்தனை எதுவும் சட்டத்தில் இருக்கவில்லை.

மாநிலங்களோ அப்போதே பின்வாங்கிக்கொண்டிருந்தன. கலிபோர்னியாவில் ஆளுநர் ரீகனின் வற்புறுத்தலின் பின் 1970இல் மாநிலச் சர்வகலாசாலையில் கல்விக் கட்டணம் நுழைந்தது. நியூயோர்க் நகரின் கதை இன்னும் துயரமானது. 1847இல் தோன்றிய நாள் முதல் அந்நகரத்துப் பொதுக் கல்லூரி கட்டணமின்றிக் குடியேறிகளின் பிள்ளைகளுக்குக் கல்வி அளித்துவந்தது. 1969இல் கறுப்பின மாணவரும் போட்டோறிக்கோ மாணவரும் போராடியதன் பயனாக, 1970இல் நகரின் உயர்நிலைப் பள்ளிகளில் தேறிய அனைவர்க்கும் அதன் கதவு திறந்தது. ஆறே ஆண்டுகளில், நகரின் நிதி நெருக்கடியைக் காரணங் காட்டி, 1976இல் கட்டணம் விதிக்கப்பட்டது. ஏறத்தாழ நூற்றிருபத்தொன்பது ஆண்டுகள் நிலைத்த இலவசக் கல்வி, அடித்தட்டு மக்கள் பெருந்தொகையாக உள்நுழைந்த கையோடு மறைந்தது.

இதன் பின்னர் நடந்தவற்றைச் சுருக்கமாகவே கூறலாம். கட்டணம் ஏறிற்று; உதவிப்பணம் அதனோடு ஏறவில்லை. 1970களின் நடுப்பகுதியில் பொதுக் கல்லூரியொன்றில் தங்கிக் கற்கும் செலவின் முக்காற் பங்கிற்கு மேல் பெல் உதவிப்பணத்தின் உச்சத்தொகை ஈடுசெய்தது. இக்காலத்தில் அது மூன்றிலொரு பங்கிற்கும் குறைவு. இடைவெளியைக் கடன் நிரப்பியது. 1978இல் கடனுக்கான வருமான வரம்பு நீக்கப்பட்டது. 1981இல் மீண்டும் வந்தது. 1992இல் வட்டிச் சலுகையற்ற கடன் அனைவர்க்கும் திறக்கப்பட்டது. கடன்பட்டவன் நொடித்துப்போனால் ஏனைய கடன்களிலிருந்து நீதிமன்றம் அவனை விடுவிக்கும். கல்விக் கடனிலிருந்து விடுபடும் வழியோ 1976இல் ஒடுக்கப்பட்டு, 1998இல் பெரும்பாலும் அடைக்கப்பட்டது. வங்கிகளின் இடைத்தரகு 2010இல் ஒழிந்தபோதும் கடன் ஒழியவில்லை. நான்கு கோடிக்கு மேற்பட்டோர் சமஷ்டி அரசுக்கு ஒரு இலட்சத்து அறுபதாயிரம் கோடி டொலருக்கு மேல் கடன்பட்டு நிற்கும் நிலை உருவாயிற்று. அதில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யச் சனாதிபதி பைடன் 2022இல் முயன்றார். 2023 ஜூன் 30ஆம் திகதி உச்ச நீதிமன்றம் அதனைச் செல்லாதாக்கியது. 2025 ஜூலையில் நிறைவேறிய சட்டம், 2026 ஜூலை முதல் புதிதாகக் கடன்பெறும் பட்டமேற்படிப்பு மாணவருக்கு உச்ச வரம்புகளை விதித்தது. கடன் குறைவது நன்றன்றோ என வினவலாம். கட்டணத்தைக் குறைக்காமல், உதவிப்பணத்தை உயர்த்தாமல், கடனை மட்டும் குறைத்தால் ஏழை மாணவன் தனியார் வட்டிக்காரனிடம் செல்வான். அன்றேல் வீடு திரும்புவான்.

கடனின்றேல் பலர் கல்லூரியையே கண்டிருக்கமாட்டார் என்ற வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அவர்கள் முன் வைக்கப்பட்ட தெரிவு கடனா, கல்வியின்மையா என்பதாக எவ்வாறு குறுகியது என்பதையே நாம் கேட்கவேண்டும். 1947இல் மூன்றாவது வழியொன்று எழுத்தில் இருந்தது. அதனைக் கைவிட்டது இயற்கையன்று. குறிப்பிட்ட சபைகளில், குறிப்பிட்ட நலன்களைக் காத்தவர்கள் எடுத்த தீர்மானங்களே.

அமெரிக்க வீரர் சட்டம் பிறந்த மறு ஆண்டில், 1945இல், நம் நாட்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. போர் முடிந்த பரிசாக அன்றி, அனைத்துப் பிள்ளைகளுக்கும் உரிய உரிமையாக அது வந்தது என்பது நாம் பெருமை கொள்ளத்தக்கது. அதே நாட்டில், அரசுசாராப் பட்டப்படிப்பு நிலையங்களுக்குச் செல்லும் மாணவர்க்கான வட்டியில்லாக் கடன் திட்டம் 2017இல் தொடங்கிற்று. வட்டியில்லை என்று மகிழ்வோர், 1958இன் அமெரிக்கக் கடனும் நூற்றுக்கு மூன்று வட்டியுடன் மிக இலேசாகவே தொடங்கியது என்பதை நினைவிற் கொள்வாராக. ஒரு தலைமுறை உரிமையாகப் பெற்றதை அடுத்த தலைமுறை கடனாகப் பெறுமாயின், இழப்பு பணத்தின் இழப்பு மட்டுமன்று. இதனை மாணவர்க்கு எடுத்துரைப்பது ஆசிரியராகிய நமது கடமை. அக்கடனை மட்டும் நாம் தீர்த்தேயாகவேண்டும்.