மலை ஏறிய குடும்பங்கள் – 6: மாடு இழுத்த ரயில்

சென்ற வாரம் எலினார் நைட்டைக் காலராவின் பிடியில் விட்டுவிட்டு வந்தோம். அவர் பிழைக்கவில்லை. 1894 டிசம்பரில் இறந்தார். கணவர் ஹென்றி நைட் தோட்ட அதிகாரி. மூணாறில் அப்போது தேவாலயமே கிடையாது. குன்றின் மேல் குழி தோண்டிப் புதைத்தார்கள். அதே குன்றில் கிறிஸ்து ஆலயம் கட்டும் வேலை 1910-ல்தான் தொடங்கியது. கல்லறை முதலில் வந்தது, கோயில் பிறகு வந்தது.

காலராவும் மலேரியாவும் கூலி லயங்களை மட்டும் விட்டுவைக்குமா? அங்கே செத்தவர்களுக்குக் கல் நடவில்லை. துரைமார் குடும்பக் கதையை எழுதுவது எளிது, கல்லறையே பேசும். கூலிக் குடும்பங்களின் கதையை அவர்கள் ஏறிவந்த பாதையில்தான் தேடவேண்டும்.

அந்தப் பாதை போடிநாயக்கனூரில் தொடங்குகிறது. 2018 காட்டுத்தீயால் நாம் எல்லோரும் பெயர் அறிந்த அதே குரங்கணி மலைவழி. மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளில் வானம் பொய்த்தால் கங்காணிக்கு வேலை கூடும். முன்பணத்தோடு ஊருக்குள் வருவார். வாங்கிய வீட்டில் அன்று அடுப்பு எரியும். மறுநாள் குடும்பமே மூட்டை கட்டும். அந்தப் பணம் மலையில் கூலியிலிருந்து பிடிக்கப்படும். கொண்டுவந்த ஆள் கணக்குக்குக் கங்காணிக்குத் தோட்டத்திலிருந்து தனி வரும்படி. கடன் எப்போது தீரும் என்று கேட்கவேண்டிய ஆளும் கங்காணியேதான். இந்த ஏற்பாட்டின் சாமர்த்தியமே அதில் இருந்தது என்பேன்.

ஆட்கள் நடந்து ஏறினார்கள். தேயிலைப் பெட்டி நடக்குமா? 1902-ல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாள ரயில் போட்டார்கள். மோனோ ரயில் என்றதும் கண்ணாடிப் பெட்டிகளைக் கற்பனை செய்யவேண்டாம். பாரத்தின் பெரும்பகுதி ஒரே தண்டவாளத்தில் உருளும் சக்கரங்களின் மேல். சாய்ந்துவிடாமலிருக்க, பக்கத்தில் தரையில் ஓடும் ஒரு பெரிய சக்கரம். இழுத்தது மாடு! 1908-ல் அதை எடுத்துவிட்டு, இரண்டடி அகலப் பாதை போட்டு நீராவி இன்ஜினை விட்டார்கள். மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி வழியாக டாப் ஸ்டேஷன் வரை அது ஓடியது. இன்று சுற்றுலாப் பயணிகள் மேகம் பார்க்கப் போகும் டாப் ஸ்டேஷனுக்குப் பெயர் வந்தது இப்படித்தான்.

அங்கே மலை செங்குத்தாக இறங்குகிறது. எனவே ரோப்வே. கம்பியில் தொங்கியபடி பெட்டிகள் கீழே கொட்டகுடிக்கு இறங்கும். பிறகு போடி, கடைசியில் தூத்துக்குடித் துறைமுகம், லண்டன். திருவிதாங்கூர் மண்ணில் விளைந்த தேயிலை மதுரைச் சீமை வழியாகத்தான் கடலைப் பார்த்தது. மலையேறிய குடும்பங்களுக்கும் ஊர்த் தொடர்பு அந்தத் திசையிலேயே இருந்தது.

1924 ஜூலை. கொல்லம் ஆண்டு 1099. மலையாளிகள் இன்றும் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்று சொல்லும் மழை தொடங்கியது. மூணாறுக்கு மழை புதிதல்ல. ஆனால் இது விடவில்லை. சரிவுகள் பெயர்ந்தன. மாட்டுப்பட்டியில் இரண்டு மலைகளுக்கு நடுவே மண்ணும் மரமும் வந்து அடைத்துக்கொண்டு, தானாகவே ஓர் அணை எழும்பியது என்று வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். அதன் பின்னால் நீர் ஏறிக்கொண்டே போனது. கீழே, மூன்று ஆறுகள் கூடும் தாழ்வில், மூணாறு பஜாரும் ரயில் நிலையமும்.

அந்த மண்ணணை எத்தனை நேரம் தாங்கியிருக்கும்? ஊருக்குள் யார் முதலில் சத்தம் கேட்டார்கள்? அடுத்த வாரம் பார்ப்போம். ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: அந்த ஜூலைக்குப் பிறகு மூணாறில் ரயில் ஓடவே இல்லை.

(தொடரும்)