கரைந்து மறையும் சாரம்

மேசன்மார் சுவர் எழுப்புங்கால் சாரம் கட்டுவர்; வேலை முடிந்ததும் கழற்றிவிடுவர். உடலினுள்ளே புதிய இழையம் வளர்வதற்கும் அத்தகைய சாரம் வேண்டும். ஆனால், அதனை உட்சென்று கழற்றுவார் யார்? தன் வேலை முடிந்ததும் அது தானே கரைந்தொழிதல் வேண்டும்.

அவ்வாறு கரையும் பொருள் முதலில் வேண்டாப் பொருளாகவே கருதப்பட்டது. 1930ஐ அடுத்த ஆண்டுகளில் அமெரிக்காவின் டூபொன் கம்பனியில் வல்லஸ் கரோதர்ஸ் என்னும் இரசாயனவியலார் செயற்கை நூலிழை தேடினார். அவர் ஆக்கிய பொலியெஸ்ரர்கள் சிறு வெப்பத்திலே உருகின, நீரினாற் சிதைந்தன. துணிக்கு உதவாவென அவற்றை விட்டு வேறு வழியிற் சென்றார். 1935இல் நைலோன் பிறந்தது.

நீரிற் சிதையும் அக்குறையைச் சத்திரசிகிச்சையாளர் விரும்பி ஏற்றனர். அதுவரை கரையும் தையலுக்கு ஆடுமாடுகளின் குடலிலிருந்து திரித்த நூலே பயன்பட்டது. ஆங்கிலேயர் அதனைப் பூனைக்குடல் என்றழைத்தனர். பாவம், பூனைக்கு அதில் யாதொரு பங்குமில்லை. 1970இல் பொலிகிளைக்கோலிக் அமில நூல் விற்பனைக்கு வந்தது. 1974இல், கிளைக்கோலிக் பகுதி தொண்ணூறும் இலற்றிக் பகுதி பத்துமாக இணைத்த விக்கிறில் என்னும் கூட்டுப் பல்பகுதிய நூல் வந்தது.

இவ்விணைப்பிலேதான் நுட்பம் உள்ளது. இலற்றிக் பகுதி நீரை எளிதில் அண்டவிடாது. ஆதலின் அது மிகுந்தால் கரைதல் தாமதிக்கும். இரண்டையும் சரிபாதி சேர்த்தால் இடைப்பட்ட வேகம் கிடைக்குமென எண்ணத் தோன்றும். உண்மையில் சரிபாதிக் கலவையே எல்லாவற்றினும் விரைந்து, ஓரிரு மாதங்களிற் கரைகிறது. அதன் சங்கிலிகள் ஒழுங்காக அடுக்கப்படாமையால் நீர் தடையின்றி உட்புகுகின்றது. இலற்றிக் பகுதியை எண்பத்தைந்து வீதமாக உயர்த்தினாலோ ஐந்தாறு மாதம் நிற்கும். கரைந்தபின் எஞ்சும் அமிலங்களை உடல் வழக்கம்போல் அகற்றிவிடும்.

பொஸ்ரன் நகரிற் குழந்தைகளுக்கு ஈரல் மாற்றிவைத்த டொக்டர் ஜோசப் வக்காந்தி, தானம் கிடையாமையாற் பிள்ளைகள் இறப்பதைக் கண்டவர். 1986இற் கடற்பாசியின் கிளைகளை நோக்கியிருந்தபோது, கிளைத்த சாரமே கலங்களுக்கு உணவு சேர்க்கும் என அவருக்குத் தோன்றியது. இரசாயனப் பொறியியலாளர் றொபேட் லாங்கருடன் அவ்வேலையில் இறங்கினார். 1989இல் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் தூளைப் படைபடையாக ஒட்டி உருவமெழுப்பும் அச்சுமுறை தோன்றியது. சாரத்தின் துவாரங்களையும் திட்டமிட்டு அமைக்க வழி பிறந்தது.

2012இல் மிச்சிக்கன் பல்கலைக்கழகத்தில், மூச்சுக்குழல் மடிந்து மூச்சுத் திணறிய கைக்குழந்தைக்கு, மூன்றாண்டளவிற் கரையத்தக்க பொலிகப்றொலக்ரோன் தாங்கியொன்று அச்சிட்டுப் பொருத்தப்பட்டது. குழந்தை பிழைத்தது.

ஈரலோ பருத்த உறுப்பு. அச்சாரத்தின் நடுவிலுள்ள கலங்களுக்குக் குருதிக்குழாய்கள் காலத்தில் எட்டுவதில்லை. கரையும் அமிலமும் உள்ளே தேங்கிச் சிதைவை விரைவாக்கும். வக்காந்தி தேடிய முழு ஈரல் இன்னும் கைகூடவில்லை.