ஒரு மெழுகுவர்த்தியும் 1600 கேபிள்களும்

எந்த ஆலைக்குள் நுழைந்தாலும் முதலில் கண்ணில் படுவது பெரிய இயந்திரங்கள்தான். அவற்றுக்கு உயிர் கொடுக்கும் கேபிள்கள் எந்த வழியாகப் போகின்றன என்று யாரும் கவனிப்பதில்லை. அந்த வழி எவ்வளவு முக்கியம் என்பதை உலகுக்குக் காட்டியது 1975-ல் அமெரிக்காவில் நடந்த ஒரு தீ விபத்து.

அலபாமா மாநிலத்தில் இருக்கிறது பிரவுன்ஸ் ஃபெர்ரி அணுமின் நிலையம். அங்கே கட்டுப்பாட்டு அறைக்குக் கீழே கேபிள்களுக்கென்றே ஓர் அறை உண்டு. அங்கிருந்து கேபிள்கள் ட்ரேக்களில் அடுக்கடுக்காகச் சென்று, சுவரைத் துளைத்து உலைக் கட்டடத்துக்குள் போகும். அந்தத் துளைகளில் காற்று கசியக் கூடாது என்று பாலியூரித்தேன் நுரையால் அடைத்திருந்தார்கள்.

1975 மார்ச் 22. கசிவு இருக்கிறதா என்று ஊழியர்கள் சோதித்தார்கள். எதை வைத்துத் தெரியுமா? மெழுகுவர்த்தி! சுடர் ஆடினால் காற்று போகிறது என்று அர்த்தம். ஓர் ஓட்டையில் நுரையைத் திணித்து மறுபடி சுடரைக் காட்டினார்கள். காற்று சுடரை உள்ளே இழுக்க, நுரை பற்றிக்கொண்டது. உலைக் கட்டடத்தில் காற்றழுத்தம் எப்போதும் குறைவு. அதனால் தீ சுவரின் மறுபக்கம் பாய்ந்து ட்ரேக்களில் பரவியது.

மின்சாரம் ஓடும் இடத்தில் தண்ணீர் அடிக்கத் தயங்கினார்கள். பக்கத்து ஊர் தீயணைப்புத் தலைவர் ஆரம்பத்திலேயே தண்ணீர் அடிக்கச் சொல்லியும் மணிக்கணக்கில் காத்திருந்தார்கள். கடைசியில் தண்ணீர் அடித்ததும் தீ சீக்கிரமே அணைந்தது. அதற்குள் சுமார் 7 மணி நேரம் போய்விட்டது. சேதமானவை சுமார் 1600 கேபிள்கள். முதல் உலையின் அவசரக் குளிரூட்டும் அமைப்புகள் செயலிழந்தன. ஊழியர்கள் வேறு பம்புகளைக் கொண்டு தண்ணீர் செலுத்தி உலையைக் காப்பாற்றினார்கள். உயிர்ச்சேதமோ கதிர்வீச்சுக் கசிவோ இல்லை.

ஒன்று போனால் இன்னொன்று இருக்க வேண்டும் என்றுதான் மாற்று அமைப்புகளை வைத்திருந்தார்கள். ஆனால் இரண்டுக்குமான கேபிள்கள் பல இடங்களில் அருகருகே போயின. இரண்டு வாளி வைத்துக்கொண்டு, இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டிக் கிணற்றில் விட்ட கதைதான்!

1980-ல் அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் புதிய விதிகளைக் கொண்டுவந்தது. இரு மாற்று அமைப்புகளின் கேபிள்களுக்கு நடுவே 3 மணி நேரம் தீயைத் தாங்கும் தடுப்பு வேண்டும். அல்லது எரியும் பொருள் எதுவும் இல்லாத 20 அடி இடைவெளியும், தீயைக் கண்டறிந்து தானாக அணைக்கும் கருவிகளும் வேண்டும்.

மாற்று இயந்திரம் மட்டும் போதாது, அதன் கேபிளுக்கு மாற்று வழியும் வேண்டும். இந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்தது ஒரு மெழுகுவர்த்தி.