முகம் மாறிய விண்டோஸும் அகம் மாறிய பாமினியும்

2012 ஒக்டோபர் 26 அன்று விண்டோஸ் 8 வெளிவந்ததும் கணினி வைத்திருந்தவர்களிடையே ஒரே விவாதம்: இந்தப் புதிய முகத்தை ஏற்பதா, பழைய விண்டோஸ் 7 உடன் இருந்துவிடுவதா? ஏறத்தாழ அதே காலத்தில் யாழ்ப்பாணத்திலும் தீவகத்திலும் தமிழில் தட்டச்சுச் செய்பவர்கள் முன்னே வேறொரு கேள்வி கிடந்தது: பழகிய பாமினி எழுத்துருவை விட்டு யுனிகோட் குறியீட்டுக்குப் போவதா, வேண்டாமா? முதல் கேள்விக்காக உலகம் முழுவதும் வாய்ச்சண்டை நடந்தது. இரண்டாவது கேள்வியைப் பலர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒன்று மற்றொன்றைக் கவிழ்த்து வைத்ததுபோல் இருப்பது தெரியவரும்.

இந்த ஒப்பீட்டைச் செய்யத் தீவகத்தின் நெடுந்தீவு பொருத்தமான இடம். குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். கணினி வாங்குவதென்றாலும் திருத்துவதென்றாலும் பெரும்பாலும் யாழ்ப்பாண நகரத்தையே நம்ப வேண்டும். கொழும்பு அலுவலகம் ஒன்றில் புதிய திரை புரியாவிட்டால் அடுத்த மேசையில் இருப்பவரைக் கேட்கலாம். தீவில் அந்த அடுத்த மேசையே இல்லாமல் இருக்கலாம். பழகிய ஒன்றைக் கைவிடுவதற்கு மனிதர் கொடுக்கும் விலை, கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லாத இடத்தில்தான் சரியாகக் கணக்காகிறது.

முதலில் எது மாறியது என்று பார்ப்போம். விண்டோஸ் 8 இல் மாறியது முகம். 1995 முதல் திரையின் இடது கீழ் மூலையில் இருந்த ஸ்டார்ட் பொத்தான் போய்விட்டது. கணினியைப் போட்டதும் வண்ணக் கட்டங்கள் நிறைந்த திரை வந்தது. ஆனால் அதற்கு அடியில் பழைய டெஸ்க்டாப் அப்படியே இருந்தது. விண்டோஸ் 7 இல் ஓடிய மென்பொருள்களில் பெரும்பாலானவை இதிலும் ஓடின. பழைய கோப்புகள் திறந்தன.

யுனிகோட்டில் மாறியது அகம். தாளில் அச்சாகி வரும் எழுத்தைப் பார்த்து இது பாமினி, இது யுனிகோட் என்று சாதாரண வாசகர் ஒருவரால் சொல்ல முடியாது. திரையிலும் அப்படித்தான். மாற்றம் முழுவதும் கண்ணுக்கு எட்டாத இடத்தில் நடந்தது.

அந்த இடத்தைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்க்கலாம். பாமினியில் ‘நெடுந்தீவு’ என்று அடிக்க எட்டு விசைகள் போதும்: என், ஈ, பெரிய எல், மறுபடி ஈ, அரைப்புள்ளி, ஜே, பெரிய பி, பெரிய டி. ஒற்றைக்கொம்பு முதலில் விழும், நகரம் அதன் பின்னால் வரும். ‘டு’வும் ‘வு’வும் ஒவ்வோர் அடியில் முழுதாக வந்துவிடும். கணினி தன் நினைவில் வைத்துக்கொள்வது அந்த எட்டு ஆங்கில விசைக் குறிகளைத்தான். பாமினி எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுத்துக் காட்டுகிறது. யுனிகோட்டில் அதே சொல் பத்துக் குறியீடுகளாகப் பதிகிறது. நகரம் முதலிலும் கொம்பு அதன் பின்னும் வரும். டகரம் வேறு, அதன் உகரக் குறி வேறு. திரையில் இரண்டும் ஒன்றே. ஆனால் பாமினிக் கோப்பில் ‘நெடுந்தீவு’ என்று யுனிகோட்டில் தேடினால் அந்த ஊர் அங்கே இல்லை.

விண்டோஸ் பக்கத்திலும் ஒரு சிறு செயலைக் கிட்ட நின்று பார்க்கலாம்: கணினியை நிறுத்துவது. விண்டோஸ் 7 இல் மூலைப் பொத்தானில் ஓர் அழுத்து, பக்கத்திலேயே ‘ஷட் டவுன்’ மேல் இன்னோர் அழுத்து. விண்டோஸ் 8 இல் சுட்டியை வலது மூலைக்குத் தள்ள வேண்டும். ஒளிந்திருந்த பட்டை ஒன்று வெளியே வரும். அதில் செட்டிங்ஸ், அதற்குள் பவர், அதற்குள் ஷட் டவுன். செயல் பழையதுதான், அதற்குப் போகும் வழிதான் புதியது. வழி தெரியாதவர் மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் போனாலும் வியப்பில்லை.

இனி எதிர்ப்புகளை ஒப்பிடலாம். விண்டோஸ் 8 க்கு வந்த எதிர்ப்பு சத்தமானது. அதற்குப் பலனும் கிடைத்தது. 2013 ஒக்டோபர் 17 அன்று வந்த 8.1 பதிப்பு ஒரு பொத்தானைத் திருப்பிக் கொடுத்தது. ஆனால் அதை அழுத்தினால் அதே கட்டத் திரைதான் வந்தது. உண்மையான ஸ்டார்ட் பட்டியல் 2015 ஜூலை 29 அன்று விண்டோஸ் 10 உடன் மீண்டது. உலகின் மிகப் பெரிய மென்பொருள் நிறுவனங்களில் ஒன்று, மூன்று ஆண்டுகளுக்குள் தன் வடிவமைப்பில் பின்வாங்க வேண்டியிருந்தது.

யுனிகோட்டுக்கு வந்த எதிர்ப்பு சத்தமில்லாதது. அது நீண்ட காலம் நின்றது. 1991 இல் வந்த முதல் யுனிகோட் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. விண்டோஸ் 2000 தமிழை உள்வாங்கியது. இலங்கையில் 2008 இல் எஸ்.எல்.எஸ். 1326 என்ற தரக்கட்டளை யுனிகோட் வழித் தமிழ்க் குறியீட்டையும் ரெங்கநாதன் விசைப்பலகையையும் முன்வைத்தது. தமிழ்நாட்டு அரசு 2010 இல் யுனிகோட்டையும் டேஸ்16 குறியீட்டையும் தரமாக அறிவித்தது. இவற்றை எதிர்த்துத் தட்டச்சாளர்கள் கொடி பிடிக்கவில்லை. பாமினியில் அடித்துக்கொண்டே இருந்தார்கள், அவ்வளவுதான். கண்ணில் படும் மாற்றம் மூன்றாண்டில் தோற்றது. கண்ணில் படாத மாற்றத்தை எவரும் தோற்கடிக்கவில்லை. ஆனால் அது பரவப் பல ஆண்டுகள் ஆயின.

இதற்குக் காரணம் தேட அதிக தூரம் போக வேண்டியதில்லை. படகில் எஞ்சினை மாற்றினால் பயணிகள் கவனிக்கமாட்டார்கள். ஏறும் படியை மறுபக்கம் வைத்தால் முதல் நாளே சத்தம் கேட்கும். ஆனால் எஞ்சினை மாற்றாமல் விட்டால் வரும் கேடு, படியை மாற்றியதால் வரும் எரிச்சலைவிடப் பல மடங்கு பெரியது. மக்களின் கோபம் கேட்டின் அளவைப் பார்த்துப் பிறப்பதில்லை. மாற்றம் கண்ணில் படும் அளவைப் பார்த்தே பிறக்கிறது.

இங்கேதான் எதிர்பாராத உறவு ஒன்று வெளிப்படுகிறது. இரண்டு சண்டைகளையும் தணித்தவர்கள் ஏறத்தாழ ஒரே வேலையையே செய்தார்கள். விண்டோஸ் 8 இன் மேல் பழைய பட்டியலைக் கொண்டுவந்து ஒட்டக் கிளாசிக் ஷெல் என்ற இலவச மென்பொருள் இருந்தது. ஸ்டார்டொக் நிறுவனத்தின் ஸ்டார்ட்8 இருந்தது. யுனிகோட்டின் மேல் பாமினி விசைகளைக் கொண்டுவர என்.எச்.எம். ரைட்டர் இருந்தது, எ-கலப்பை இருந்தது. பழைய கோப்புகளை மாற்ற சுரதாவின் பொங்குதமிழ் போன்ற மாற்றிகள் வந்தன. முன்னவை புதிய முகத்துக்கு மேல் பழைய முகத்தை வைத்தன. பின்னவை புதிய அகத்துக்கு மேல் பழைய விரற்பழக்கத்தை வைத்தன. பழகியதைக் கைக்கு விட்டுவிடு, வேண்டியதை உள்ளே மாற்றிக்கொள் என்பதே இரண்டும் கண்ட சமரசம்.

விலை கொடுக்காமல் கிடைக்கும் லினக்ஸ் உலகமும் இதற்கு விலக்கல்ல. 2011 ஏப்ரலில், அங்குள்ள டெஸ்க்டாப் சூழல்களில் ஒன்றான நோம் தன் 3 ஆம் பதிப்பில் பழைய முகத்தைக் களைந்தபோது, நோம் 2 ஐ உயிரோடு வைத்திருக்க மாட்டே என்ற கிளை முளைத்தது. லினக்ஸ் கருவை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸே நோம் 3 ஐ வெளிப்படையாகக் கடிந்து வேறு முகத்துக்குப் போனார். நீட்சிகளால் அதைத் தன் விருப்பத்துக்கு வளைக்க முடிந்த பிறகு திரும்பி வந்தார். பழக்கத்தைக் காப்பது அறியாமை அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பாமினியைக் கைவிடாதவர்களையும் அறியாதவர்கள் என்று தள்ள முடியாது. தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு விசைப்பலகை வகுத்தவர் யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா. அந்த மரபில் வந்த விரல்களுக்கு வேகம் ஒரு சொத்து. மேலும் அச்சகங்கள் நம்பியிருந்த பேஜ்மேக்கர் போன்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள்கள் யுனிகோட் தமிழைச் சரியாகக் கோக்கவில்லை. கொம்பும் எழுத்தும் இடம் மாறிக் கிடந்தன. நாளைக்குள் நினைவு மலர் அச்சாக வேண்டும் என்று ஒருவர் வந்து நிற்கும்போது, எதிர்காலத் தேடுபொறியை நினைத்து எந்த அச்சகத்தாரும் வேலையை நிறுத்தமாட்டார்.

விண்டோஸ் 7 ஐ விடாதவர்களின் வாதமும் வலுவானதே. அவர்களிடமிருந்து எடுக்கப்பட்டது பழகிய வழி. அதற்கு ஈடாக மேசைக் கணினியில் அவர்களுக்குக் கிடைத்தது மிகக் குறைவு. விண்டோஸ் 8 தொடுதிரையை எண்ணி வகுக்கப்பட்டது. 2010 இல் வந்த ஐபேட் மைக்ரோசொஃப்டை அவசரப்படுத்தியிருந்தது. ஆனால் தொடுதிரை இல்லாத கணினியில் சுட்டியைப் பிடித்திருந்த கைக்கு அந்தக் கட்டங்கள் தேவைப்படவில்லை. மாற்றத்தின் ஆதாயம் செய்தவருக்கு, செலவு பாவித்தவருக்கு.

இந்த இடத்தில் ஒப்பீடு வியப்பான ஒரு திருப்பத்தைத் தருகிறது. கைக்குள் வரும் தொடுதிரை வெல்லும் என்ற மைக்ரோசொஃப்டின் கணிப்புச் சரியானது. அது வென்றது கைப்பேசியில். யுனிகோட் வெல்லும் என்ற தரக்கட்டளையாளரின் கணிப்பும் சரியானது. அதுவும் வென்றது கைப்பேசியில். தீவின் இளையவர் ஒருவர் தமிழில் முதன்முதலாக எழுதுவது பெரும்பாலும் கணினியில் அல்ல, கைப்பேசியில். அவருக்கு மறக்க வேண்டிய பாமினியும் இல்லை, தேடித் தவிக்க வேண்டிய மூலைப் பொத்தானும் இல்லை. ஒரு நிறுவனத்தின் விளம்பரமும் ஓர் அரசின் தரக்கட்டளையும் செய்ய முடியாததை, புதிய பாவனையாளர் ஒருவர் எந்த முயற்சியும் இன்றிச் செய்துவிட்டார். வடிவமைப்பு மாற்றங்கள் வாதத்தால் வெல்வது அரிது. பழையதை அறியாதவர் வரும்வரை காத்திருந்தே வெல்கின்றன.

இதுவரை ஒற்றுமை. இனி, இரண்டையும் பிரிக்கும் பெரிய வேற்றுமை. விண்டோஸ் 8 ஐ மறுத்தவர் இழந்தது அதிகமில்லை. அவருடைய கடிதமும் கணக்கும் படமும் அடுத்த பதிப்பிலும் திறந்தன. பாமினியோடு நின்றவரின் நிலை வேறு. பென் டிரைவில் போட்டுப் படகில் கொண்டுவந்த கடிதம் ஒன்றை, பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வருவது பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் வரிசை. யாழ்ப்பாண நகரத்தில் அது ஐந்து நிமிடத் தொல்லை. தீவில் எழுத்துருவைக் கொண்டுவர அடுத்த படகு வரை காத்திருக்கவும் நேரலாம்.

கடிதத்தைத் திரும்ப அடிக்கலாம். ஆனால் எல்லாவற்றையும் அப்படிச் செய்ய முடியாது. யாழ்ப்பாணத்து வழக்கப்படி, இறந்தவரின் முப்பத்தோராம் நாளில் வெளியிடும், கல்வெட்டு எனப்படும் நினைவு மலர்கள், கோயில் மலர்கள், பாடசாலை மலர்கள், வாசிகசாலைக் கணக்குகள் என இரண்டு மூன்று தசாப்தத் தீவக வாழ்க்கை பாமினியில் அடிக்கப்பட்டது. ஒரு குடும்பம் எங்கே தொடங்கி எந்தெந்த நாட்டுக்குப் போனது என்பது பல வேளைகளில் அந்தக் கல்வெட்டின் வம்சாவளிப் பக்கத்தில் மட்டுமே இருக்கிறது. அச்சுப் பிரதி தொலைந்து, கோப்பு மட்டும் மிஞ்சி, அதைத் திறக்க எழுத்துருவும் இல்லையென்றால் அந்தச் செய்தி மறைந்துவிடும். விண்டோஸ் சண்டையில் பணயம் வைக்கப்பட்டது வசதி. பாமினி விடயத்தில் நினைவு.

ஏற்பதா மறுப்பதா என்ற கேள்வி இத்தோடு தீரவில்லை. 2021 ஒக்டோபரில் வந்த விண்டோஸ் 11 ஸ்டார்ட் பொத்தானை நடுவுக்கு நகர்த்தியது. ஆனால் இம்முறை அதை இடப்பக்கம் திருப்பி வைக்க ஒரு தெரிவையும் விட்டுவைத்தது. 2012 இன் பாடம் வீணாகவில்லை. அதே வேளை 2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு முடிந்தது. பாதுகாப்புச் சில்லு இல்லாத பழைய கணினிகளைப் புதிய பதிப்பு முறைப்படி ஏற்பதில்லை. பொத்தான் எங்கே என்ற விவாதம் நடந்துகொண்டிருக்க, உண்மையான கட்டாயம் மறுபடியும் கண்ணில் படாத இடத்திலிருந்தே வருகிறது. இம்முறை அதன் விலை ஒரு புதிய கணினி.

இரண்டையும் எடை போட்டுப் பார்த்த பிறகு, புதிய வடிவம் எதைப் பார்த்தாலும் இரண்டு கேள்விகளைக் கேட்கலாம் என்று தோன்றுகிறது. மாறுவது முகமா, அகமா? ஆதாயம் யாருக்கு? முகம் மட்டும் மாறி, ஆதாயம் விற்பவருக்கானால் தாராளமாக மறுக்கலாம்; போதிய பேர் மறுத்தால் விற்பவரே இறங்கி வருவார் என்பதை 2015 காட்டியது. அகம் மாறி, ஆதாயம் பாவிப்பவருக்கானால், தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டும் பாவிப்பவரின் தலையிலேயே விடியும். ஆகவே ஸ்டார்ட் பொத்தானைக் கைக்குப் பிடித்த மூலையிலேயே வைத்திருங்கள். பாமினி விசைகளையும் விரும்பினால் வைத்திருங்கள். ஆனால் பழைய கணினியில் கிடக்கும் கல்வெட்டுக் கோப்புகளை மட்டும், அந்த எழுத்துரு இன்னும் ஓடுகிற காலத்திலேயே யுனிகோட்டுக்கு மாற்றிவிடுங்கள்.